டிக்கெட் வாங்கினால் சாக்கடைக்குள் போகலாம்!

பாரிஸில், சேன் நதிக்கரையில் அல்மா பாலத்தருகே ஓர் அருங்காட்சியகம். டிக்கெட் எடுத்துப் படியிறங்கினால் கீழே ஓடுவது நிஜச் சாக்கடை, வாடையும் நிஜம். மேலே எந்தத் தெருவோ, அதன் பெயர்ப்பலகை சுரங்கச் சுவரிலும் இருக்கிறது.

1867 உலகக் கண்காட்சியின்போதே இங்கே பொதுமக்களைக் கூட்டிப்போகத் தொடங்கிவிட்டார்கள். காரணம், பொறியாளர் யூஜின் பெல்கிராண்ட் கட்டிய விதம். பெரிய சுரங்கங்களில் நடுவே கால்வாய், ஓரமாக நடைமேடை, நிமிர்ந்து நடக்க உயரம். குடிநீர்க் குழாய்களும் அதே சுரங்கத்தில் போனதால் பராமரிப்புக்கு ஆட்கள் புழங்கியே ஆகவேண்டும். அவர்களுக்காக வைத்த இடத்தில் பின்னாலேயே சீமான்களும் சீமாட்டிகளும் வந்தார்கள். படகுச் சவாரிகூட 1970-கள் வரை நடந்தது.

வியன்னாவில் சினிமா ரசிகர்கள் கூட்டம். 1949-இல் வந்த 'தி தேர்ட் மேன்' படத்தின் கடைசித் துரத்தல் அங்குள்ள சாக்கடையில்தான். நகரின் கழிவுநீர்த் துறையே ஹெல்மெட் கொடுத்து அழைத்துப்போகிறது.

லண்டனில் கதை வேறு. 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் நாடாளுமன்றத்தையே திணறடித்த பிறகு பொறியாளர் ஜோசஃப் பேசல்ஜெட் கட்டியது உலகப் புகழ்பெற்ற கழிவுநீர் அமைப்பு. ஆனால், பெரும்பாலும் முட்டை வடிவச் செங்கல் குழாய்கள். தண்ணீர் குறைந்தாலும் வேகம் குறையக் கூடாதென்று அடிப்பாகம் குறுகல். நடைமேடைக்கு இடமில்லை. மழைநீரும் அதிலேயே பாயும். அதனால் மக்கள் பார்க்கக் கிடைப்பது 1865-இல் திறந்த கிராஸ்னெஸ் நீரேற்று நிலையம் போன்றவைதான்.

ஆஸ்திரேலியாவில் தடையை மீறி மழைநீர் வடிகால்களில் நுழைபவர்கள் உண்டு. 1986-இல் மெல்போர்னில் தொடங்கிய 'கேவ் கிளான்' குழுவின் முதல் விதி: மழை வந்தால் உள்ளே போகாதே.

ஆக, தொழிலாளி நிமிர்ந்து நடக்க இடம் வைத்த ஊரில்தான் வேடிக்கை பார்க்கவும் வழி பிறந்திருக்கிறது. நம் நாட்டில் ஆள் உடம்பை ஒடுக்கி இறங்கும் மேன்ஹோல்தான் வாசல். பாதுகாப்புக் கருவியின்றி இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தும், 'விஷவாயு தாக்கி பலி' என்ற செய்தி நிற்கவில்லை. சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக 2023-இல் உயர்த்தியது உச்ச நீதிமன்றம்.

நமக்குச் சாக்கடைச் சுற்றுலா அவசரமில்லை. ஆளே இறங்காதபடி இயந்திரம், இறங்கித்தான் ஆகவேண்டுமென்றால் நிற்க இடமும் மூச்சுவிடக் காற்றும்: இதை டெண்டர் விடும்போதே எழுதிவைப்பதுதான் அவசரம்.