‘ஹார்மனி’: சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் ‘ஹார்மனி’ எனப்படுவதைத் தமிழில் இசைவு என்றும் நல்லிணக்கம் என்றும் வழங்குகிறோம். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1997ஆம் ஆண்டு முதல் சூலை 21ஆம் நாள் இன நல்லிணக்க நாளாகப் போற்றப்படுகிறது. 1964ஆம் ஆண்டு அதே நாளில் அங்கு இனக்கலவரம் மூண்டது. அதனை மறவாதிருத்தற் பொருட்டே இந்நாள் அமைந்தது. எனினும், நல்லிணக்கம் யாது என வினவினால், ‘எல்லாரும் ஒரே தன்மையராதல்’ என விடை பகர்வாரும் உளர். அது பொருந்துமா என்பதைச் சொல்லின் வரலாறு கொண்டு காண்போம்.

‘ஹார்மோனியா’ என்னும் கிரேக்கச் சொல்லே இலத்தீன், பிரெஞ்சு மொழிகளின் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. அதன் பழம்பொருள் இசையன்று. தச்சுத் தொழிலைச் சார்ந்தது. மரத்தோடு மரத்தைப் பொருத்தும் மூட்டினை அது குறித்தது. ஹோமரின் ஒடிசி காவியம் ஐந்தாம் பகுதியில், ஒடிசியசு இருபது மரங்களை வெட்டிச் செதுக்கி, துளையிட்டு, முளைகளாலும் மூட்டுகளாலும் பிணைத்துத் தெப்பம் செய்கிறான். அம்மூட்டுகளுக்குப் புலவர் ஆண்ட சொல் இதுவே.

பின்னர் அச்சொல், யாழின் நரம்புகளைச் சுருதி பொருந்த அமைக்கும் முறைக்கும் ஆயிற்று. கி.மு. 500 அளவில் வாழ்ந்த எராக்கிளிட்டசு என்னும் அறிஞர், இதற்கு வில்லையும் யாழையும் சான்று காட்டினார். வில்லின் தண்டு விரிய முயல்கிறது. நாண் அதனை இழுத்துப் பிடிக்கிறது. எதிரெதிர் விசைகள் தம்முள் பொருந்துவதாலன்றோ வில் பயன்படுகிறது!

தமிழாசிரியர்க்கு இக்கருத்து புதிதன்று. இசைதல் என்பது பொருந்துதல், உடன்படுதல். இசை என்பதோ ஒலி, பண், புகழ். இதனால் இரு மொழிக்கும் உறவு கற்பிக்க வேண்டுவதில்லை. பொருத்தத்தையும் பண்ணையும் ஒருங்கு வைத்து எண்ணும் வழக்கம் ஈரிடத்தும் உண்டு என்பதே கருதத்தக்கது. இயைபுத் தொடையிலும் வெவ்வேறு அடிகள் ஈற்றில் ஒன்றி நிற்கக் காண்கிறோம்.

ஒற்றைப் பலகைக்கு மூட்டு வேண்டா. வேறுபட்ட இரண்டு இருந்தாலே மூட்டுக்கு இடமுண்டு. அவ்விரண்டும் உளிக்குச் சிறிது இடங்கொடுத்தாலன்றிப் பொருந்தா. ஒன்றை மட்டும் செதுக்கிக்கொண்டே போனால் அது மெலிந்து முறியும். மூட்டு நெகிழ்ந்தாலோ தெப்பம் அலையில் சிதறும். ஆகவே, நல்லிணக்கத்தை மாணவர்க்கு விளக்குங்கால், ‘ஒன்றாக மாறுதல்’ என்னாது ‘ஒன்றோடொன்று பொருந்துதல்’ என்று கூறுவதே சொல்லின் பிறப்புக்கும் வாழ்வுக்கும் ஏற்றதாகும்.