மறதி வந்தாலும் கை மறப்பதில்லை



ஆரணியில் பட்டுத் தறிக்குத் தார் சுற்றும் பெரியவர்களை நாம் அறிவோம். காலையில் சாப்பிட்டதை மறந்தவர்கூட, இழை அறுந்தால் உடனே முடிச்சுப் போடுவார். பழகிய கைவேலையின் நினைவு எளிதில் அழிவதில்லை. மறதியின் தொடக்கத்தில் தேய்வது பெரும்பாலும் அண்மை நினைவே.

நாமோ, "நீங்க சும்மா உட்காருங்க" என்று அவர்களை ஒதுக்கிவிடுகிறோம். லான்செட் மருத்துவ ஆணையம் 2024-இல் மறதி நோய்க்கு வழிசெய்யும், மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. தனிமையும் அவற்றுள் ஒன்று.

பங்கில் அவர்களுக்குப் பணி தருவோம்: பீடத்துக்குப் பூ கட்டுதல், பாடல் புத்தகங்களை அடுக்குதல், சிறுவருக்குப் பழைய பாடல்களைச் சொல்லித்தருதல். ஒரு நேரத்தில் ஒரே வேலை. அதே கிழமை, அதே துணை. காணிக்கை எண்ணும் பொறுப்பு வேண்டாம். ஒப்புக்குத் தரும் வேலையும் வேண்டாம். அது அவர்களுக்குப் புரிந்துவிடும்.

மறதி புதிதாகத் தெரிந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். தைராய்டு கோளாறு, பி12 குறைவு போன்றவை காரணமானால் சிகிச்சை உண்டு.

கோவிலில் குழந்தை இயேசுவைப் பற்றி எல்லாரிடமும் பேசிய அன்னா, 84 வயதுக் கைம்பெண். இந்த ஞாயிறு நம் அன்பியத்துப் பெரியவர் ஒருவரிடம், "எங்களுக்கு உதவ வருவீர்களா?" என்று கேட்போமா?