படுக்கைப்புண்ணைத் தடுக்கும் பயிற்சி

உறங்கும்போது நாம் அசைவின்றிக் கிடப்பதாக எண்ணுகிறோம். உண்மையில் நம்மை அறியாமலே பன்முறை புரண்டு படுக்கிறோம். ஒரே பக்கம் நெடுநேரம் அழுந்தினால் உடல் நோகிறது. அந்நோவே நம்மைத் திருப்பிவிடுகிறது. தண்டுவடத்தில் காயமுற்றவருக்கு இக்காவல் இல்லை. அவர் நோவை உணரார். உணர்ந்தாலும் தாமாகப் புரள இயலாது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே நசுங்கும் தசை, இரத்த ஓட்டமின்றி மடிகிறது. அதுவே படுக்கைப்புண்.

முன்னாளில் மருத்துவர் பலர் இதனைத் தவிர்க்கவொண்ணாத விதியென்றே கருதினர். முதல் உலகப் போரில் தண்டுவடம் சிதைந்த வீரருள் பெரும்பாலோர், இப்புண்ணில் ஏறிய நஞ்சினாலும் சிறுநீர்ப்பாதையில் கண்ட நோயினாலும் மாண்டனர். 1944-ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்திருந்த டாக்டர் லுட்விக் குட்மன், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இத்தகையோருக்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். இரவென்றும் பகலென்றும் பாராமல், இரண்டு மணிக்கு ஒரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கத் தாதியரையும் உதவியாளரையும் பழக்கினார். விதியென்று நினைத்தது பெரும்பாலும் கவனக்குறைவே என்பது தெளிவாயிற்று.

இப்பயிற்சியில் முதலாவது, கண்ணுக்குரியது. குதிகால், இடுப்பின் இருபுறம், முதுகின் அடிப்பகுதி, உட்காரும் எலும்பு ஆகிய இடங்களைக் காலையும் மாலையும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது அது வெளுக்காவிடில், அபாயம் தொடங்கிவிட்டதென்று கொள்க. கறுத்த மேனியில் சிவப்பு எளிதில் புலப்படாது; தொட்டுப் பார்த்து, சூட்டிலும் இறுக்கத்திலும் உள்ள வேற்றுமையை அறிய வேண்டும்.

இரண்டாவது, கைக்குரியது. நோயாளியை இழுத்து நகர்த்தலாகாது. விரிப்போடு தூக்கித் திருப்ப வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவது அன்பினால் செய்யும் பிழை. அடியில் நொந்திருக்கும் தசையை அது மேலும் சிதைக்கும். வளைய வடிவத் தலையணையும் ஆகாது. அது சுற்றிலும் அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். ஈரம்பட்ட துணியை உடனே மாற்றுதல் நன்று.

மூன்றாவது, ஒழுங்கு. எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் திருப்பினோம் என்பதைக் குறித்துவைத்து, அடுத்து வரும் தாதியிடம் ஒப்புவித்துச் செல்ல வேண்டும். எவ்வளவு நேரத்திற்கு ஒரு முறை திருப்புவது என்பதை நோயாளியின் தோலின் நிலை கண்டு மருத்துவர் மாற்றியமைப்பார்.

இவற்றை நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் கற்பித்தாலன்றிப் பயிற்சி நிறைவு பெறாது. சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவர், கால் மணி அல்லது அரை மணிக்கு ஒரு முறை முன்னோ பக்கமோ சாய்ந்து அழுத்தத்தை விலக்கவும், கண்ணாடியின் உதவியால் தம் தோலைத் தாமே பார்க்கவும் பழக வேண்டும்.

வேலூரில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் மோட்டார் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் அவர் முயற்சியால் அங்கு மறுவாழ்வு நிலையம் தோன்றியது. கால்கள் செயலற்ற பின்னும் இத்தகைய வாழ்வு எதிரே இருக்கிறது. தடுத்திருக்கக்கூடிய ஒரு புண்ணினால் அதனை எவரும் இழக்கலாகாது.