பூட்டப்பட்ட கோவிலும் திறந்திருந்த இல்லங்களும்

கி.பி. 1704-ஆம் ஆண்டு. வட அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில், ஆங்கிலேயர் குடியேறி வாழ்ந்த மேரிலாந்து நாட்டில், செயின்ட் மேரீஸ் என்னும் ஊர். அங்கிருந்த செங்கற் கோவிலைப் பூட்டிச் சாவியைத் தன் வசம் வைத்துக்கொள்ளுமாறு மாவட்டக் காவல் அதிகாரிக்கு ஆளுநர் ஜான் சீமோர் கட்டளையிட்டார். அக்கோவிலில் இனித் திருப்பலி இல்லை என்பதே அதன் பொருள்.

அமெரிக்கக் குடியேற்றம் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 1620-இல் பிளிமத் கரையில் இறங்கிய யாத்திரீகப் பிதாக்களே. அவர்களுக்குப் பதினான்கு ஆண்டுகள் பின்னே வந்த மற்றொரு கூட்டத்தாரைப் பள்ளிப் பாடநூல்கள் ஓரிரு வரிகளில் முடித்துவிடுகின்றன. நாம் இங்கே சற்று நின்று அவர்களைக் காண்போம்.

இங்கிலாந்தில் அரசரின் செயலராக விளங்கிய ஜார்ஜ் கால்வெர்ட், தாம் கத்தோலிக்கர் என்று அறிவித்து 1625-இல் பதவியைத் துறந்தவர். பால்ட்டிமோர் பிரபு என்பது அவரது பட்டம். புதிய நாடொன்றை அமைக்க அவர் வேண்டிய உரிமைப் பட்டயம் 1632-இல், அவர் இறந்த சில வாரங்களில், மகன் செசில் கால்வெர்ட்டின் கைக்கு வந்தது. 1633 நவம்பர் 22-ஆம் நாள் 'பேழை', 'புறா' என்னும் பொருள்படும் பெயர்களைத் தாங்கிய இரு கப்பல்கள் புறப்பட்டன. அவற்றில் சென்றவர்களில் கத்தோலிக்கர் சிறுபான்மையினரே. ஆகவே கத்தோலிக்கர் தம் வழிபாட்டைக் கூடியமட்டும் ஆரவாரமின்றி நடத்த வேண்டும், சமயத் தர்க்கம் கூடாது என்று செசில் பிரபு எழுத்து மூலம் அறிவுறுத்தியிருந்தார். 1634 மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளன்று, செயின்ட் கிளெமென்ட்ஸ் என்னும் சிறு தீவில் இயேசு சபைக் குரு ஆண்ட்ரூ ஒயிட் அடிகளார் திருப்பலி நிறைவேற்றினார். மரத்தில் செதுக்கிய பெரிய சிலுவை ஒன்றும் அங்கே நாட்டப்பட்டது.

வாழ்க்கை எளிதாயிருக்கவில்லை. புகையிலையே பயிர், புகையிலையே நாணயம். ஆற்றோரமாகத் தொலைவுக்கு ஒன்றாகப் பண்ணைகள். வந்தவருள் பெரும்பாலோர் கப்பற் கூலிக்கு ஈடாகச் சில ஆண்டுகள் ஊழியம் செய்ய ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர்கள். குளிர்காய்ச்சல் எண்ணற்றோரைக் கொண்டு சென்றது. தாய் தந்தை இருவரும் உயிருடனிருக்க வளர்ந்து ஆளான பிள்ளைகள் குறைவு.

1649-இல் அந்நாட்டுச் சபை சமயப் பொறுதிச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதிலே ஒரு விதி நமக்குப் புன்னகை வரவழைக்கிறது. அண்டை வீட்டாரைச் சமயத்தின் பேரால் வசைப்பெயர் சொல்லி அழைத்தால் பத்து ஷில்லிங் அபராதம். அதில் பாதி, வசை கேட்டவருக்கே! ஆயினும் இச்சட்டத்தை மிகைப்படப் புகழ்வதற்கில்லை. திரித்துவத்தை மறுப்போருக்கு அதே சட்டம் மரண தண்டனை விதித்தது. கிறிஸ்தவர் அல்லாதார்க்கு அதில் இடமே இல்லை.

அந்தப் பொறுதியும் நிலைக்கவில்லை. 1654-இல் அதிகாரத்தைக் கைப்பற்றிய பியூரிட்டன்கள் அச்சட்டத்தை நீக்கினர்; சில ஆண்டுகளில் அது மீண்டது. 1689-இல் எழுந்த கிளர்ச்சி கால்வெர்ட் குடும்பத்தாரின் ஆட்சியை வீழ்த்தியது. பின்னர் ஆங்கிலிக்கன் போதகர்களின் பராமரிப்புக்கென ஆள் ஒன்றுக்கு நாற்பது ராத்தல் புகையிலை வரியாயிற்று. கத்தோலிக்கரும் அதைச் செலுத்தினர். 1704-ஆம் ஆண்டுச் சட்டமோ திருப்பலி நிறைவேற்றும் குருவுக்கு ஐம்பது பவுன் அபராதமும் ஆறு மாதச் சிறையும் விதித்தது. சில மாதங்களில் அது ஓரளவு தளர்ந்து, தனியார் இல்லங்களுக்குள் மட்டும் வழிபாடு அனுமதிக்கப்பட்டது. 1718-இல் வாக்குரிமை பறிபோயிற்று. 1756-இல் நிலவரி இரட்டிப்பாயிற்று.

எனவே இல்லமே கோவிலாயிற்று. குருக்கள் தங்கள் பெயரில் நிலம் வாங்கிப் பண்ணையாளர்களாய் வாழ்ந்தனர். அவர்கள் வீட்டோடு ஒட்டிய அறையே சிற்றாலயம். எட்டாத் தொலைவிலிருந்த குடும்பங்களை நாடி அவர்கள் குதிரையேறிச் சென்றனர். குரு வராத ஞாயிறுகளில் பெற்றோரே செபம் சொல்லி, ஞானோபதேசம் கற்பித்தனர். கத்தோலிக்கப் பள்ளி நடத்தத் தடை இருந்ததால் வசதியுள்ளோர் தம் மைந்தரைக் கடல் கடந்து பிளாண்டர்ஸ் நாட்டுப் பகுதியிலிருந்த செயின்ட் ஓமர் கல்லூரிக்கு அனுப்பினர். சார்லஸ் கரோல் பதினொரு வயதளவில் அவ்வாறு சென்றார். அவர் திரும்பியது 1765-இல், இருபத்தேழு வயதில். இடையே 1761-இல் அவருடைய அன்னை காலமானார். மகன் முகத்தை அவர் மீண்டும் காணவில்லை. விசுவாசத்துக்காக ஒரு தாய் கொடுத்த விலை அது. அந்த மகனே 1776-இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஒரே கத்தோலிக்கர். அவருடைய உறவினரும் உடன் படித்தவருமான ஜான் கரோல் அடிகளார் 1789-இல் அந்நாட்டின் முதல் ஆயராக நியமனம் பெற்றார்.

இத்துடன் நிறுத்திவிட்டால் நாம் பாதி உண்மையையே கூறியவராவோம். அந்தப் பண்ணைகளில் புகையிலை நட்டவர், சமையல் செய்தவர், துணி வெளுத்தவர் யாவர்? தொடக்கத்தில் மத்தியாஸ் தெ சூசா என்னும் ஆப்பிரிக்க வழித்தோன்றல் ஊழிய ஒப்பந்தத்தில் வந்து, தவணை முடித்து, 1642-இல் நாட்டுச் சபையிலேயே அமர்ந்தார். ஆனால் 1664-ஆம் ஆண்டுச் சட்டம் கறுப்பின அடிமைகளை ஆயுள் முழுதும் அடிமைகளாக்கிற்று. அவர்கள் பிள்ளைகளையும் அவ்வாறே ஆக்கிற்று. தம் வழிபாட்டுரிமைக்காகத் துன்புற்ற கரோல் குடும்பத்தாரும் அடிமைகளை உடையவராயிருந்தனர். இயேசு சபைப் பண்ணைகளும் அவ்வாறே. அந்த அடிமைகளும் அதே சிற்றாலயங்களில் ஞானஸ்நானம் பெற்று, அதே திருப்பலியில் முழந்தாளிட்டனர்.

1838-இல் மேரிலாந்து இயேசு சபையினர், ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடன் சுமை காரணமாக, 272 பேரை லூயிசியானாப் பண்ணையாருக்கு விற்க உடன்பட்டனர். குடும்பங்களைப் பிரிக்கலாகாது, அவர்கள் தம் மறையை அனுசரிக்க வழி வேண்டும் என உரோமையிலிருந்து சபைத் தலைவர் நிபந்தனை விதித்திருந்தார். அந்நிபந்தனைகள் காக்கப்படவில்லை. கணவன் ஒருபுறமும் மனைவி ஒருபுறமுமாய்ப் பிரிந்தவர் உண்டு. ஆலயமே இல்லாத ஊர்களில் வாழ நேர்ந்தவரும் உண்டு. 2017-இல் அவர்தம் வழித்தோன்றல்கள் முன்னிலையில், ஜார்ஜ்டவுனில் நடைபெற்ற வழிபாட்டின்போது, இயேசு சபையினர் மன்னிப்பு வேண்டினர். வந்திருந்தவர்களுள் பலர் இன்றும் கத்தோலிக்கர்.