தூங்கா நகரத்தில் தூங்க ஓர் அறை

பாண்டியன் எக்ஸ்பிரஸ் மதுரை ஜங்ஷனுக்குள் நுழையும்போது, மே மாதத்தில்கூடப் பொழுது சரியாக விடிந்திருக்காது. ஸ்டேஷன் வாசலில் டீக்கடைகள் களைகட்டியிருக்கும், காற்றில் லேசான குளுமை இருக்கும். ‘மதுரை வெயில் என்று பயமுறுத்தினார்களே, இவ்வளவுதானா?’ என்று வெளியூர்க்காரர் நினைப்பார். பதினோரு மணிவரைதான் அந்த நினைப்பு தாங்கும். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதெல்லாம் செய்தியே அல்ல. சென்னைக்குப் பிற்பகலில் கைகொடுக்கிற கடற்காற்று மதுரைக்குக் கிடையாது. வைகையில் பெரும்பாலான நாட்கள் மணல்தான். பகலெல்லாம் வெந்த கான்கிரீட், வாங்கிய சூட்டை இரவு முழுக்கத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

போதாததற்கு, மீனாட்சியம்மன் கோயில் மதியம் 12.30 மணிவாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். மார்கழியில் வருகிறவருக்கு லாட்ஜ் அறை என்பது பெட்டியை வைத்துவிட்டுக் கிளம்புகிற இடம். கோடையில் வருகிறவருக்குப் பயணத்தில் பாதி அந்த அறைக்குள்தான் கழியும். அதனால் கோடையில் மதுரைக்கு வருகிறவர்கள் ஓட்டலைத் தேர்ந்தெடுப்பதைவிட அறையைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். ஒரே கட்டடத்தில், ஒரே வாடகையில், ஒரு அறை சொர்க்கமாகவும் அதே வரிசையில் நான்காவது அறை சூளையாகவும் இருக்கும். நட்சத்திர எண்ணிக்கை இதைச் சொல்லாது. இணையத்தில் போட்டிருக்கும் படங்களும் சொல்லாது.

முதலில் இடம். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக விரிகிற ஊர் இது. ஸ்டேஷனிலிருந்து மேற்குக் கோபுரத்தை நோக்கி நேராகப் போகும் டவுன்ஹால் ரோடும், அதைக் குறுக்கே வெட்டுகிற மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியும்தான் லாட்ஜுகளின் தலைமையகம். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடந்தால் கோயில். ஆட்டோ பேரம் கிடையாது, மதியம் ஓடிவந்து படுத்துக்கொள்ளலாம். வயதானவர்களை அழைத்து வருகிறவர்களுக்கு இதைவிட வசதியான இடம் ஊரில் இல்லை.

ஆனால் மதுரைக்குத் தூங்கா நகரம் என்ற பெயர் சும்மா வந்ததில்லை. நள்ளிரவு தாண்டியும் பரோட்டாக் கல்லில் கொத்துச் சத்தம் கேட்கும். பகல் நெரிசலில் உள்ளே நுழைய முடியாத சரக்கு வண்டிகள், கடைகள் அடைத்தபிறகுதான் மாசி வீதிகளுக்கும் கீழமாரட் வீதிப் பக்கத்து மண்டிகளுக்கும் வந்து மூட்டை இறக்கும். விடிவதற்குள் முதல் காபிக்கடை ரேடியோவைப் போட்டுவிடும். வணிகப் பகுதியில் இரவில் 55 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அதை ஏர் ஹாரன் வைத்திருக்கும் பஸ்களிடம் போய் யார் சொல்வது?

பஸ்கள் என்றதும் மாட்டுத்தாவணி. ‘பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே ரூம்’ என்பது வெளியூர் ஆட்களுக்குப் பெரிய வசதியாகத் தெரியும். வெளியூர் பேருந்துகள், பக்கத்திலேயே ஆம்னி பஸ்கள், விடியலில் பூ மார்க்கெட் என அந்த வட்டாரத்துக்கு இரவு என்று ஒன்று கிடையாது. நள்ளிரவில் இறங்கி விடிகாலையில் கிளம்புகிறவருக்கு மட்டும் அது சரி. தூங்க நினைப்பவர் அங்கே அறை எடுக்க வேண்டாம்.

அமைதி என்று கேட்டால் உள்ளூர்க்காரர்கள் ஏ.வி. பாலத்தைத் தாண்டி வைகையின் வடகரைக்குப் போகச் சொல்வார்கள். அழகர்கோவில் ரோடு, தல்லாகுளம், கே.கே. நகர், அண்ணா நகர். அகலமான சாலைகள், கொஞ்சம் மரங்கள், கார் நிறுத்த இடம். குழந்தைகளோடு காரில் வருகிறவர்களுக்கு இதுவே என் பரிந்துரையும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

காரணம் சித்திரைத் திருவிழா. மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்குவதோடு சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்பது ஊர் சொல்லும் வரலாறு. அவர் புண்ணியத்தில், கோடையின் உச்சத்தில் ஊரே தெருவுக்கு வந்துவிடுகிறது. திருக்கல்யாணம், தேரோட்டம் வரை கூட்டமும் ஒலிபெருக்கியும் தென்கரையில், மாசி வீதிகளில். அது முடிந்ததும் எதிர்சேவை. அழகரை வரவேற்க ஊர் தல்லாகுளத்துக்குத் திரும்பும். வருடமெல்லாம் அமைதியாகக் கிடந்த வடகரையில் அன்றைக்கு இரவு காது பிளக்கும், மாசி வீதிகள் மூச்சு விடும். அதாவது எது சத்தமான கரை, எது அமைதியான கரை என்பது திருவிழாவின் நடுவில் தலைகீழாகிவிடும். தேதியும் ஆண்டுக்கு ஆண்டு நகரும். அழகர் ஆற்றில் இறங்கியது 2024-இல் ஏப்ரல் 23, 2025-இல் மே 12. திருவிழா பார்க்க வருகிறவர்கள் மாதக்கணக்கில் முன்னாலேயே அறையைப் பிடித்துவிடுவார்கள், வாடகையும் எகிறிவிடும். ஊரைப் பார்க்க மட்டும் வருகிறவர்கள் அந்த இரண்டு வாரத்தைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம். முகூர்த்த நாட்களும் இப்படித்தான். பக்கத்தில் கல்யாண மண்டபம் இருந்தால் விடிகாலை நாலரைக்கே நாதஸ்வரம் எழுப்பிவிடும். தூக்கத்தைக் கெடுத்தாலும் அதைத் திட்ட மனம் வராது என்பது வேறு விஷயம்.

இனி கட்டடத்துக்குள் வருவோம். கடைசி மாடி வேண்டாம். மொட்டை மாடித் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில் கீழே இருக்கும் அறைக்குள் இறக்கும். ஏசி எவ்வளவு உழைத்தாலும் கூரை ஜெயித்துவிடும். கோபுரம் தெரிகிற மாடி உணவகம் வைத்திருக்கும் ஓட்டல்களில் இன்னொரு தொல்லையும் உண்டு: நாற்காலி இழுக்கிற சத்தம் நேராகத் தலைக்கு மேல். முதல் மாடியில் தெருச் சத்தம் முழுசாக வரும். ஐந்து மாடிக் கட்டடம் என்றால் மூன்றாவது மாடியைக் கேளுங்கள்.

திசையில் மதுரைக்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது. வடக்குப் பார்த்த ஜன்னல் குளுமை என்று பொதுவாகச் சொல்வார்கள். மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்து டிகிரிக்குள் இருக்கும் ஊர். ஏப்ரல் நடுவில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே நகர்ந்துவிடும். ஆகவே மே மாதம் முழுக்க வடக்குச் சுவர்தான் காலையிலும் மாலையிலும் சாய்வாக வெயில் வாங்கும், தெற்குச் சுவருக்கு நிழல். எல்லாவற்றையும்விட மோசம் மேற்கு. பிற்பகல் வெயிலை வாங்கிய செங்கல் சுவர் சில மணி நேரம் கழித்து, சரியாக நாம் படுக்கிற நேரத்தில்தான் உள்பக்கம் கொதிக்கத் தொடங்கும். டவுன்ஹால் ரோடுப் பக்கத்து லாட்ஜுகள் கோயிலுக்கு மேற்கே இருப்பதால், ‘கோபுர தரிசன அறை’ என்று கூடுதல் காசு வாங்கும் அறைகளின் ஜன்னல் கிழக்கே திறக்கும். அங்கே காலை வெயில் அடிக்கும்போது நாம் கோயிலில் இருப்போம். கோபுரத்துக்காக இல்லாவிட்டாலும் வெயிலுக்காக அந்தக் காசைக் கொடுக்கலாம்.

‘சத்தமில்லாத ரூம்’ என்று கேட்டால் மேனேஜர் பெரும்பாலும் பின்பக்கத்து அறையையோ, காற்றுக்கு விட்டிருக்கும் குழிப் பக்கம் ஜன்னல் திறக்கிற உள் அறையையோ காட்டுவார். தெருச் சத்தம் நிச்சயம் வராது. ஆனால் ஜன்னலைத் திறந்து பார்த்துவிடுங்கள். எல்லா அறைகளின் ஏசி வெளி யூனிட்டுகளும் அந்தக் குழிக்குள்ளேயே தொங்கினால், ஒன்று விடும் அனல் காற்றை இன்னொன்று இழுக்கும். ஊரே ஏசி போடுகிற ராத்திரி பத்து மணிக்கு ஒன்றுமே குளிராது, உறுமல் மட்டும் மிஞ்சும். பின்பக்கத்தில் ஜெனரேட்டர் எங்கே என்றும் பாருங்கள். ஒலித்தடுப்புக் கூண்டு போட்ட ஜெனரேட்டரே ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபல் வரை சத்தம் போட விதி இடம் கொடுக்கிறது. கூண்டின் கதவைத் திறந்து வைத்து ஓட்டினால் கேட்கவே வேண்டாம்.

ஜெனரேட்டர் விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான், அதையும் முன்பதிவுக்கு முன்னால் போனிலேயே கேட்டுவிட வேண்டும். “அண்ணே, கரன்ட் போனா ஜெனரேட்டர்ல ஏசி ஓடுமா?” “ஃபேன், லைட்டெல்லாம் ஓடும் சார்” என்று பதில் வந்தால் ஏசி ஓடாது என்று அர்த்தம். பவர் பேக்-அப் உண்டு என்று எழுதி வைத்திருப்பது பொய்யும் அல்ல, நமக்குப் போதுமானதும் அல்ல.

‘ஏசி அறை’ என்பதிலும் வகைகள் உண்டு. சிறிய லாட்ஜுகள் சிலவற்றில் ஏசி அறைக்கும் நான்-ஏசி அறைக்கும் வித்தியாசம் ரிமோட் மட்டும்தான். காசு கொடுத்தால் ரிமோட் வரும், இல்லாவிட்டால் பெட்டி சுவரில் சும்மா தொங்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் ஏசியைச் சீராகப் பராமரிக்கிற இடமா என்பது சந்தேகம். இன்னொரு வகை, குடும்ப அறை. இரண்டு பேருக்குப் போதுமான ஒரு டன் ஏசி. அதில் எக்ஸ்ட்ரா பெட் போட்டு ஐந்து பேரைப் படுக்க வைப்பார்கள். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு. வெப்பத்தை வெளியேற்றும் திறன். ஐந்து உடம்பின் சூடு, மேற்குச் சுவர், கூரை மூன்றும் சேர்ந்தால் அது திணறும். ஐந்து பேர் என்றால் பெரிய அறை ஒன்றைவிடச் சின்ன அறைகள் இரண்டு மேல். வாடகையும் பெரும்பாலும் ரொம்ப ஏறாது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் அறைக்குப் போய் ஏசியைப் போட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள். ரூம் பாய் வாசலில் நின்று நெளிவார், பரவாயில்லை. ஈரவாடை வந்தால் ஃபில்டரைக் கழுவி நாளாகிவிட்டது. கடகடவென்று அதிர்ந்தால் அந்தச் சத்தம் இரவில் இரண்டு மடங்காகக் கேட்கும். பழைய ஜன்னல் ஏசி என்றால் இரைச்சல் அறைக்குள்ளேயே இருக்கும், கூடவே ஜன்னல் இடுக்கு வழியாகத் தெருவும் உள்ளே வரும். ரிமோட்டில் 16 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது நம் ஊர் நம்பிக்கை. பழைய மாடல்களின் கம்ப்ரஸர் எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 24-இல் வைத்து ஃபேனையும் மெதுவாகச் சுழல விடுங்கள். நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகளில் 2020 ஜனவரி முதல் தயாரிப்பிலேயே வைக்கப்படும் அளவும் அந்த 24 தான்.

கதவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. லாட்ஜில் தூக்கத்தைக் கெடுப்பது தெருவைவிட காரிடார்தான். அதிகாலை தரிசனத்துக்குக் கிளம்பும் குடும்பம், டமால் டமால் என்று சாத்தும் கதவுகள், “காபி வேணுமா சார்” என்று தட்டிக்கொண்டே போகும் பையன். பழைய கட்டடங்களில் கதவுக்கு மேலே ஒரு வென்டிலேட்டர் இருக்கும். காரிடார் விளக்கும் பேச்சும் அதன் வழியாக உள்ளே வரும், காசு கொடுத்த குளிர் வெளியே போகும். லிஃப்டுக்கும் மாடிப்படிக்கும் தள்ளி, காரிடாரின் கடைசி அறையாகக் கேட்டு வாங்கினால் பாதித் தொல்லை தீரும்.

நேரக் கணக்கும் முக்கியம். இணையத்தில் பதிவு செய்யும் ஓட்டல்கள் பெரும்பாலும் பகல் 12 மணிக்குத்தான் அறை கொடுக்கும். விடிகாலை ரயிலில் வந்தவர் அதுவரை ரிசப்ஷன் சோபாவில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். நம் லாட்ஜுகள் பலவற்றில் இன்னும் 24 மணி நேர செக்-அவுட் முறை இருக்கிறது. ஐந்தரைக்கு எடுத்தால் மறுநாள் ஐந்தரைவரை. மறுநாள் காலை வைகை எக்ஸ்பிரஸில் திரும்புகிறவருக்கு இது அளவெடுத்துத் தைத்தது போல. மறுநாள் இரவு ரயிலைப் பிடிக்கிறவருக்கு இதுவே இரண்டாம் நாள் வாடகை. எது உங்களுக்கு ஒத்துவரும் என்று டிக்கெட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பில்லையும் பாருங்கள்: நாளொன்றுக்கு 7,500 ரூபாய்வரை வாடகை உள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

விமர்சனங்களைப் படிக்கிறவர்கள் தேதியைப் பார்த்துப் படிக்க வேண்டும். ஜனவரியில் வந்தவர் ‘அறை குளுகுளு’ என்று எழுதியிருப்பதற்கு மதிப்பில்லை. ஏப்ரல், மே மாதத்து ஆட்கள் என்ன புலம்பியிருக்கிறார்கள் என்று மட்டும் தேடுங்கள்.

கையில் காசு தாராளமாக இருந்தால் ஊருக்கு வெளியே போய்விடலாம். பசுமலைக் குன்றின் மேல் தாஜ் குழுமத்தின் ஓட்டல் இருக்கிறது. கோச்சடையில், இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970-களில் மதுரா கோட்ஸ் அதிகாரிகளுக்காக வடிவமைத்த கிளப் இன்று ஒரு ஓட்டலின் பகுதியாகிவிட்டது. கல்லும் தாழ்வாரமும் பெரிய மரங்களுமாக, மதுரை வெயிலை ஏசிக்கு முன்பே யோசித்துக் கட்டிய இடம். தங்காவிட்டாலும் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

லாட்ஜ் முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். முகப்புக் கண்ணாடிக்கும் நீல விளக்குக்கும் செலவழிக்கிற பணத்தில் கொஞ்சம் எடுத்து, அறைக் கதவுகளுக்கு டோர் குளோசரும் அடியில் ரப்பர் பட்டையும் போடுங்கள். மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடியுங்கள். முன்பதிவுப் பக்கத்தில் எத்தனை இன்ச் டிவி என்று எழுதும் இடத்தில், அறை எந்த மாடி, ஜன்னல் எந்தப் பக்கம், ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா என்ற மூன்றையும் எழுதிவிடுங்கள். அதை எழுதுகிற லாட்ஜுக்கு நூறு ரூபாய் கூடக் கொடுக்க ஆள் இருக்கிறது.