துவர்ப்பைச் செரிக்கும் பாக்டீரியா

ஆடி ஞாயிறுகளில் திருவேற்காடு, மாங்காடு, பூந்தமல்லி பக்கம் போனால் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, இரவெல்லாம் மூடி வைத்து, காலையில் மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்தது அது. காய்ச்சும் முன்பு ஒரு புளிப்பு, காய்ச்சிய பின்பு ஒரு புளிப்பு.

கேழ்வரகின் செம்பழுப்புத் தோலில் ஃபீனால் சேர்மங்கள் ஏராளம். பூஞ்சையும் பூச்சியும் அண்டாமலிருக்கச் செடி வைத்திருக்கும் ஆயுதங்கள் இவை. இவற்றில் டானின் நம் நாக்கில் துவர்க்கும்; உணவிலுள்ள புரதத்தையும் இரும்பையும் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. ஃபெருலிக் அமிலம் போன்ற ஃபீனால் அமிலங்கள் பாக்டீரியாவின் சவ்வைக் கடந்து உள்ளே புகுந்து, செல்லின் உட்புறத்தைப் புளிக்கச் செய்து, அதன் வளர்ச்சியை முடக்கும்.

அப்படியானால் மாவில் பாக்டீரியா எப்படிப் பிழைக்கிறது? இந்த விஷயத்தில் நன்கு ஆராயப்பட்டது லாக்டிபிளான்டிபேசில்லஸ் பிளான்டாரம். 2020-க்கு முன் லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்று அழைக்கப்பட்டது. புளித்த மாவு, ஊறவைத்த காய்கறி, மனிதக் குடல் என எங்கும் இருக்கும். ஃபீனால் அமிலத்தை முறிக்கும் நொதிக்கான மரபணு அதனிடம் உண்டு. ஆனால் சும்மா இருக்கும்போது அந்த நொதியைச் செய்து சக்தியை வீணாக்காது. மரபணுவின் வாசலில் பாட்-ஆர் என்ற புரதம் காவல்காரன்போல உட்கார்ந்திருக்கும். ஃபீனால் அமிலம் உள்ளே வந்ததும் அது விலகிக்கொள்ள, நொதி உற்பத்தி தொடங்கும். அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு கழன்று போகும். அந்த வினையில் செல்லுக்குள் இருக்கும் ஒரு புரோட்டானும் செலவாவதால் உட்புறப் புளிப்பும் தணியும். ஒரே வேலையில் இரண்டு லாபம். ஃபெருலிக் அமிலம் இப்படி மாறும்போது கிடைக்கும் வினைல் குவயக்கோலுக்குக் கிராம்பு வாசனை. கோதுமை பியரில் அந்த வாசனை வருவதும் இதே வினையால்தான். அங்கே அதைச் செய்வது ஈஸ்ட். டானினுக்கு வேறு நொதி: டானேஸ். அது சில வகை டானின்களைக் காலிக் அமிலமாக உடைக்கும். இன்னொரு நொதி அதைப் பைரோகலோலாக மாற்றும்.

கேழ்வரகை 24 மணி நேரம் புளிக்க வைத்தபோது டானின் 52 சதவீதம் குறைந்ததாக உஷா ஆண்டனியும் சென்னை ஐ.ஐ.டி.யின் டி.எஸ். சந்திராவும் 1998-ல் எழுதினார்கள். ஃபெருலிக் அமிலத்தின் கதை கொஞ்சம் வேறு. தானியத்தில் அது பெரும்பாலும் செல்சுவரோடு பிணைந்தே கிடக்கும். அந்தப் பிணைப்பை அறுக்க ஃபெருலாயில் எஸ்டரேஸ் என்ற நொதி வேண்டும். கம்பங்கூழிலிருந்து பிரித்தெடுத்த லாக்டோபேசில்லஸ் வகைகளிடம் அந்த நொதி இருப்பதை 2016-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

இதைக் கேட்டதும் 'கூழ் குடித்தால் நல்ல பாக்டீரியா வயிற்றில் குடியேறிவிடும்' என்று சொல்லக் கிளம்புகிறவர்களை நான் நம்புவதில்லை. முதல் புளிப்பில் பெருகியவை அடுப்பில் ஏறியதும் செத்துப்போகும். பானையிலிருந்தும் அகப்பையிலிருந்தும் மோரிலிருந்தும் வருகிறவைதான் மறுபடி பெருகுகின்றன. அவற்றிலும் பெரும்பாலானவை சில நாள் விருந்தாளிகள்.

நிரந்தர வேலை பெருங்குடலில் ஏற்கெனவே குடியிருப்பவற்றுக்குத்தான். நாம் சாப்பிடும் பாலிஃபீனால்களில் சிறுபகுதியே சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது; மீதி முழுக்க அங்கேதான் போய்ச் சேர்கிறது. அங்கே ஆளுக்கு ஆள் கணக்கு மாறும். உதாரணமாக, மாதுளையின் டானினிலிருந்து எலாஜிக் அமிலம் வரும். கார்டோனிபாக்டர் என்ற பாக்டீரியா அதை யூரோலித்தினாக மாற்றும் வேலையைத் தொடங்கிவைக்க, மிச்சத்தை வேறு பாக்டீரியா முடிக்கும். ஸ்பெயினின் முர்சியா நகர ஆய்வாளர்கள் இதைவைத்து மனிதர்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: யூரோலித்தின் ஏ மட்டும் உண்டாகிறவர்கள், அதோடு பி-யும் சேர்ந்து உண்டாகிறவர்கள், எதுவுமே உண்டாகாதவர்கள். மூன்றாம் வகைக்காரர் எத்தனை மாதுளை சாப்பிட்டாலும் அவர் சிறுநீரில் யூரோலித்தின் தென்படாது.