நீல ஒளியும் அதனைத் தாங்கும் மூலக்கூறும்

கல்முனைக் கடைத்தெருவில் பாவித்த கையடக்கத் தொலைபேசியொன்றை வாங்குபவர், அதன் திரையில் வெண்மை மஞ்சளித்திருப்பதைக் காண நேரலாம். ஓஎல்ஈடி எனப்படும் சேதன ஒளித்திரைகளில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் நீலமே முதலில் மங்குகின்றது. இதற்கு ஒளிரும் பொருள் மட்டுமன்றி, அதனைத் தன்னகத்தே தாங்கிநிற்கும் பொருளும் காரணமாகும்.

அமெரிக்காவின் கொடாக் நிறுவன ஆய்வாளர்களான சிங் டாங், ஸ்டீவன் வான்ஸ்லைக் ஆகியோர் 1987இல் இத்திரைகளின் முன்னோடியை அறிவித்தனர். 1989இல் ஒளிரும் படலத்தில் சிறிதளவு சாயத்தைக் கலந்தபோது வினைத்திறன் ஏறத்தாழ இருமடங்காகியது. படலத்தின் பெரும்பகுதி ‘விருந்து வழங்கி’. ஒளிரும் சிறு பகுதி ‘விருந்தாளி’. ஒளிரும் மூலக்கூறுகள் நெருங்கியிருப்பின் ஒன்றன் ஒளியை மற்றொன்று அணைத்துவிடும். எனவே அவை அளவாகவே தூவப்படுகின்றன. மின்னேற்றங்களைக் கடத்துவதும், அவை சந்திக்கையில் பிறக்கும் சக்தியைக் கையளிப்பதும் வழங்கியின் பொறுப்பாகும். உபசரிப்புக்குப் பேர்போன நமது கரையோரத்தில் இவ்வுவமைக்கு விளக்கம் தேவையில்லை.

அச்சக்தியின் நான்கில் மூன்று பங்கு சாதாரண சாயங்களில் வீணாகும். 1998இல் பிளாட்டினம், 1999இல் இரிடியம் அடங்கிய சேர்வைகளைக் கொண்டு பொறஸ்ட், தொம்சன் ஆகியோரின் குழு அதனை மீட்டது. பச்சைக்கு ‘சிபிபி’ எனும் வழங்கி போதுமாயிற்று. நீலத்திலோ விருந்தாளியின் சக்திமட்டம் வழங்கியினதை விஞ்சியதால், கொடுத்த சக்தி வழங்கியிடமே திரும்பி வழிந்தது. சிபிபியின் நடுவிலுள்ள இரு பென்சீன் வளையங்களில் ஒன்றை நீக்கி, கார்பசோல் அலகுகளை எஞ்சிய வளையத்தில் மெற்றா நிலைகளில் இணைத்தால் ‘எம்சிபி’ கிடைக்கும். இலத்திரன்கள் பரவும் இடம் குறுகுவதால் சக்திமட்டம் ஏறத்தாழ 2.9 இலத்திரன் வோல்ற்றுக்கு உயர்கின்றது. ஆனால் மூலக்கூறு சிறுத்ததால் 60 பாகை செல்சியஸை அண்மித்தே படலம் இளகத் தொடங்கும். நண்பகல் வெயிலில் வாகனத்தினுள் விடப்பட்ட தொலைபேசிக்கு அவ்வெப்பம் எட்டாததன்று. போதாக்குறைக்கு, நீலத்துக்கு வேண்டிய உயர்சக்தி வழங்கியின் பிணைப்புகளையே உடைக்கவல்லது.

விலையுயர்ந்த உலோகங்களின்றி, வீணாகும் சக்தியைச் சூழல் வெப்பத்தாலேயே மீட்கும் வழியை ஜப்பானின் அடாச்சி குழு 2012இல் காட்டியது. பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகத்தில் பணியாற்றும் பி. இராஜமல்லி, தாய்வானில் ஆய்வாளராக இருந்த காலத்தில், 2016இல் வெளிவந்த குழு ஆய்வொன்றில் அவ்வழியே நீலத்தில் 24 வீதம், பச்சையில் 27.2 வீதம் வெளிப்புற வினைத்திறனை எட்டினார். அவையும் வழங்கியில் கலக்கப்பட்டவையே.

சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்து மாணவரும் இத்துறையில் நுழையலாம். வழங்கி மூலக்கூறுகளின் சக்திமட்டங்களைக் கணினியிலேயே கணித்துத் தெரிவுசெய்ய முடியும். படலமாக்கிச் சோதிக்கும் கட்டத்திலேதான் வெற்றிட அறைகள் வேண்டும்.